புதுப்பிப்பு: சிங்கராஜ நடை, அட்டைக்கடி, அருவிக் குளியல்

திருமலையிலிருந்து (திருகோணமலை) இலங்கையின் தென்மேற்கில் இருக்கும் சிங்கராஜ மழைக்காட்டுக்குப் போய் வழிகாட்டியோடு நடக்கப் போகிறோம், அருவியில் குளிக்கவும் இடமுண்டாம், என்ன கொண்டுபோவது என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. போய் வந்தாச்சு.

தெனியாயப் பக்கத்தால் உள்ளே போனோம். அட்டைக்கு உப்பு, தேசிக்காய், டெற்றோல் என்று பலர் சொன்னீர்கள். உப்பு முதல் மழையிலேயே கரைந்து போனது. வேலை செய்தது முழங்கால் வரை வரும் அட்டைக் காலுறையும், அதன்மேல் காய்ந்த சவர்க்காரத்தைத் தேய்க்கச் சொன்ன யோசனையும்தான். அட்டை ஏறத்தான் செய்தது, கடிக்க வழியில்லை. காலுறை வேண்டாம் என்ற மச்சானின் கால் தனிக்கதை.

குளிக்க, பின்பட்டி வைத்த ரப்பர் செருப்பு நல்லது, பாறையெல்லாம் பாசி. நிலாவெளிக் கடலில் ஊறிப் பழகிய எங்களுக்குத் தண்ணீர் அநியாயக் குளிர்.

எதிர்பாராதது ஒன்று. தலைக்கு மேல் நல்ல வெயில், ஆனாலும் வழிகாட்டி திடீரென்று எல்லோரையும் கரையேற்றினார். தண்ணீர் லேசாகக் கலங்கி, சருகு மிதந்து வந்ததைக் கவனித்திருக்கிறார். மேலே எங்கேயோ மழை. கொஞ்ச நேரத்தில் நாங்கள் நின்ற பாறை தண்ணீருக்குள் போய்விட்டது.

அப்புறம், ஆகஸ்டில் நம்மூர் காய்ந்து கிடக்கும்போது அங்கே தென்மேற்குப் பருவமழைக் காலம். மழை குறைவாக வேண்டுமென்றால் ஜனவரி முதல் மார்ச் வரை போங்கள்.