செக்கனுக்கு ஒரு பதிவு: எச்டிஎஃப்5 பெக்கெட் டேபிள் பாவிக்கிறவர்களின் அனுபவங்கள்

உப்புவெளி
துறைமுக நீர்மட்டம், கன்னியா வெந்நீர்க் கிணறுகளின் வெப்பநிலை மாதிரி நிற்காமல் வரும் அளவீடுகளை எச்டிஎஃப்5 (HDF5, பெரிய அளவீட்டுத் தொகுப்புகளுக்கான கோப்பு வடிவம்) கோப்பில், பதிவுகளைப் பின்னால் சேர்த்துக்கொண்டே போகும் அதன் பெக்கெட் டேபிளில் சேர்க்கிறவர்கள் இங்கே இரண்டு மூன்று பேராவது இருக்கிறீர்கள். எங்கே சிக்கும், ஏன் சிக்கும் எண்டு எண்களோடு எழுதுங்கோ. நான் பதிவின் அகலத்தில, அதாவது ஒரு பதிவு எத்தனை பைட் எண்டதில, தொடங்கிறன்.

நேரம் 8 பைட், நீர்மட்டம் 4, வெப்பநிலை 4, நிலைய எண் 2, தரக் குறி 1. கூட்டினால் 19. ஆனால் சி மொழியில் இதே புலங்களைக் கட்டிய ஸ்ட்ரக்ட் 24 பைட் பிடிக்கும். 8 பைட் எல்லைக்குச் சரிவர, கம்பைலர் கடைசியில் 5 பைட் வெற்றிடம் விடும். பெக்கெட் டேபிளின் அப்பெண்ட் (பின்னால் சேர்க்கும்) அழைப்பு உங்களிடம் டைப் (பதிவின் வடிவ விவரம்) எதுவும் கேட்காது. பஃபரின் முகவரியையும் பதிவுகளின் எண்ணிக்கையையும் மட்டும்தான் வாங்கும். டைப்பை 19 எண்டு கட்டிவிட்டு 24 பைட் ஸ்ட்ரக்டைக் கொடுத்தால் பிழை எதுவும் வராது. ஒரே அழைப்பில் பல பதிவு தள்ளினால் முதல் பதிவு சரியாக இருக்கும், இரண்டாவதிலிருந்து குப்பை. ஒவ்வொரு புலத்தின் ஓஃப்செட்டையும் (பதிவின் தொடக்கத்திலிருந்து எத்தனை பைட் தள்ளி) எச்ஓஃப்செட் மக்ரோவால் எடுங்கோ. டேபிளை உருவாக்க முதல், டைப்பின் அளவும் சைஸ்-ஓஃப் தரும் அளவும் ஒன்றா எண்டு ஒரு அசேர்ட் (சரிபார்ப்பு) போடுங்கோ.

சீனக்குடா லொகர்
அகலத்தை விட ஆளைக் கவிழ்க்கிறது சங்க் அளவுதான். பெக்கெட் டேபிள் எண்டது உள்ளுக்குள்ள முடிவில்லாமல் நீளக்கூடிய ஒற்றைப் பரிமாண டேட்டாசெட். அது சங்க் சங்காகத்தான், அதாவது இத்தனை பதிவு எண்ட அளவான துண்டுகளாகத்தான், தட்டில் இருக்கும். அந்த அளவை உருவாக்கும்போது மட்டும்தான் தரலாம், பிறகு மாற்ற ஏலாது.

"ஒவ்வொன்றாகத்தானே சேர்க்கிறன்" எண்டு சங்க் அளவை 1 எண்டு கொடுக்கிற ஆட்கள் நிறைய. எந்தச் சங்க் எங்கே எண்டு சொல்லும் வழமையான பி-ட்ரீ சுட்டியில் ஒரு சங்குக்குக் குறைந்தது 32 பைட் போகும். 24 பைட் பதிவுக்கு 32 பைட் சுட்டி! வருசத்துக்கு 3 கோடிக்கு மேல சங்க். வாசிக்கப் போனால் மெசின் திணறும்.

மறுபக்கம், பெரிசாகப் போட்டாலும் அடிதான். 1.14 வரையான பதிப்புகளில் சங்க் கேஷ் (சங்கை நினைவகத்தில் வைத்திருக்கும் இடம்) இயல்பாக ஒரு டேட்டாசெட்டுக்கு 1 மெபிபைட். 50,000 பதிவு × 24 = 12,00,000 பைட். அது கேஷுக்குள் அடங்காது. சுருக்கமும் போட்டிருந்தால் ஒரு பதிவு சேர்க்க முழுச் சங்கையும் வாசித்து, விரித்து, திரும்பச் சுருக்கி எழுதும். செக்கனுக்கு ஒருக்கா. ராஸ்பெரி பையின் எஸ்டி கார்ட் அதைக் கனநாள் தாங்காது.

செக்கனுக்கு ஒரு பதிவு எண்டால் 3,600, அதாவது ஒரு மணித்தியாலம், நல்ல அளவு. 86,400 பைட், நாளுக்கு 24 சங்க். பெரிய சங்க் வேண்டியே தீரும் எண்டால் கேஷைக் கோப்பு திறக்கும் ப்ராபர்ட்டி லிஸ்டில் கூட்டுங்கோ. பெக்கெட் டேபிளைத் திறக்கும் அழைப்பில் அதற்கு இடமில்லை.

மூதூர்
அண்ணை சொன்னதோட ஒன்று. சங்க் அளவும், ஒரு அப்பெண்டில் எத்தனை பதிவு போகுது என்பதும், எப்ப ஃப்ளஷ் (நினைவகத்தில் உள்ளதைத் தட்டுக்குத் தள்ளுறது) என்பதும் மூன்று தனி முடிவுகள். நினைவகத்தில் 60 பதிவு சேர்த்து ஒரே அப்பெண்டில் தள்ளினாலும் சங்க் 3,600 ஆகவே இருக்கலாம்.

சுருக்கம் போட்டிருந்தால் ஃப்ளஷைப் பார்த்துச் செய்யுங்கோ. பாதி நிரம்பிய சங்கை ஒவ்வொரு முறை ஃப்ளஷ் பண்ணும்போதும் சுருங்கிய அளவு மாறும், பழைய இடம் போதாமல் புது இடத்துக்குப் போகும், விட்ட இடம் ஓட்டையாகும். கோப்பை மூடினால் அந்த ஓட்டைகளின் கணக்கும் இயல்பாக மறந்துபோகும். 2 மெகாபைட் கூட வரக்கூடாத ஒரு நாள் கோப்பு பலமடங்கு ஊதி நிற்கிறது இதால்தான். கோப்பைத் திரும்ப எழுதித் தரும் எச்5ரீபேக் கருவியை ஓட்டினால் வடியும். அதைவிட, எழுதும்போது சுருக்கமே போடாமல் விட்டு, நாள் முடிந்த கோப்பை ரீபேக்கில் ஷஃபிள் (பைட்டுகளை மாற்றி அடுக்கிறது), பிறகு டிஃப்ளேட் (சுருக்கம்) 4 எண்டு சுருக்கிறது சுகம். முதலில் ஷஃபிள், மாறிப் போனால் பலனில்லை.

கிண்ணியா பைதன்
நிலையத்தின் பெயரைப் பதிவுக்குள்ளேயே தமிழில் வைக்கிற ஆசையை விடுங்கள். "திருகோணமலை" யூடிஎஃப்-8இல் 10 குறியீடு, ஒவ்வொன்றும் 3 பைட், மொத்தம் 30. புலத்தின் நீளம் 16 என்றால் ஐந்து குறியீடும் ஆறாவதின் ஒரு பைட்டும்தான் நிற்கும். பைதனில் வாசிக்கும்போது டீகோட் பிழை விழும். நீளம் மாறும் சரம் வைத்தாலும் தொல்லை: எழுத்துகள் தனி ஹீப்பில் போய்க் கிடக்கும், சங்க் சுருக்கம் அவற்றைத் தொடாது. பதிவில் 2 பைட் எண் போதும். பெயர்ப் பட்டியலைப் பக்கத்தில் ஒரு சின்ன டேட்டாசெட்டாக வையுங்கள்.

கன்னியாவில் கிணறு ஏழு. ஏழையும் ஒரே நேரத்தில் அளக்கிறீர்கள் என்றால் ஒரு பதிவில் ஏழு எண் கொண்ட அரே புலமாக வைக்கலாம். 8 + 28 = 36 பைட், சி ஸ்ட்ரக்டில் 40.

நிலாவெளி
கரண்ட் போனால் என்ன நடக்கும்? எழுதிக்கொண்டிருந்த கோப்பைத் திறக்க "ஏற்கெனவே எழுதத் திறந்திருக்கு, எச்5கிளியர் பாவி" எண்டு செய்தி வருது.

சீனக்குடா லொகர்
தம்பி, முதல்ல கோப்பை ஒரு பிரதி எடுத்து வையுங்கோ. எச்5கிளியர் "எழுதத் திறந்திருக்கு" எண்ட நிலைக் கொடியை அழிக்கும், உடைந்ததை ஒட்டாது. கொடி போனபிறகு கோப்பு திறந்தால் உங்கட அதிர்ஷ்டம். "கோப்பு துண்டிக்கப்பட்டது" எண்டு வந்தால் கோப்பின் கடைசிப் பகுதி தட்டுக்குப் போக முதலே மின்சாரம் போயிட்டுது.

இரண்டு காப்பு இருக்கு. ஒன்று, நாளுக்கு ஒரு கோப்பு. போனால் ஒரு நாள்தான் போகும். பிறகு வேர்ச்சுவல் டேட்டாசெட்டால் எல்லாத்தையும் ஒரே நீளமாகப் பார்க்கலாம். மற்றது, 1.10இல் வந்த "ஒருவர் எழுத, பலர் வாசிக்க" முறை. அது மெட்டாடேட்டாவை (கோப்பின் உள் அமைப்பு விவரங்களை) ஒழுங்கு வரிசையில் எழுதும். லைப்ரரி வேர்ஷன் எல்லையை லேட்டஸ்ட் எண்டு வைத்துக் கோப்பை உருவாக்க வேணும். டேபிளை முதலே உருவாக்கி, திறந்த அட்ரிபியூட்டுகளை மூடிவிட்டுத்தான் அந்த முறைக்குப் போக வேணும். போனபிறகு புது டேபிள் சேர்க்க ஏலாது. நீளம் மாறும் சரத்துக்கும் அங்கே இடமில்லை. என்எஃப்எஸ் (வலையமைப்பு வழி) பகிர்வில் ஓட்டாதேங்கோ.

மூதூர்
பிழையான அளவீட்டை அழிக்கத் தேட வேண்டாம். பெக்கெட் டேபிளில் பின்னால் சேர்க்கலாம், வாசிக்கலாம், அவ்வளவுதான். அழிக்கிற, நடுவில் செருகிற வசதி பக்கத்து ஏபிஐயான எச்5டிபியில் இருக்கு, ஆனால் ஒரு பதிவை அழிக்கப் பின்னால உள்ளதெல்லாத்தையும் நகர்த்தும். தரக் குறியை மாற்ற வேண்டி வந்தால் திருத்தங்களுக்குத் தனி டேபிள் வைக்கிறதுதான் எனக்குப் பிடிச்ச வழி. மூலப் பதிவில் கை வைக்காமல் இருக்கலாம்.

உப்புவெளி
நேரப் புலம் பற்றி யாரும் சொல்லயில்லை. 64 பிட் முழு எண், யூடிசி (உலகப் பொது நேரம்), மில்லிசெக்கன். உள்ளூர் நேரம் வேண்டாம். 1996 மே மாதம் இலங்கை நேரம் யூடிசியை விட 6:30 முன்னுக்குப் போய், அதே வருசம் ஒக்டோபரில் 6:00 ஆகி, 2006 ஏப்ரலில்தான் 5:30க்குத் திரும்பினது. பழைய நீர்மட்டப் பதிவுகளைக் கொண்டுவந்து ஒட்டும்போது 2004 டிசம்பர் 26 சுனாமி அன்றைய வரிசையில் 5:30ஐக் கழித்தால் முழு அலையும் அரை மணித்தியாலம் தள்ளி நிற்கும். அன்றைக்குக் கழிக்க வேண்டியது 6:00.

நாள் கோப்பு மாற்றுகிறதும் யூடிசி நள்ளிரவில், எங்களுக்கு விடிய 5:30. அந்த நேரத்தில் டேபிளை மூடி, பிறகு கோப்பை மூடி, புதியதைத் திறக்கும்வரை வரும் பதிவுகளை வரிசையில் பிடித்து வைக்க வேணும். டேபிளை மூடாமல் கோப்பை மட்டும் மூடினால் லைப்ரரி பிழை சொல்லாது. உள்ளுக்குள்ள கோப்பு திறந்தபடியே இருக்கும், ரீபேக்கும் பிடிக்க மறுக்கும்.