ஷாங்காய்–ராட்டர்டாம், 2 × 40 அடி: கப்பல் மாற்றும் மலிவு ரேட்டை எடுக்கலாமா?

கேள்வி: புதுச்சரக்கு

வணக்கம். ஷாங்காயில் ஏற்றி ராட்டர்டாமில் இறக்க இரண்டு 40 அடி ஹைகியூப் (உயரம் கூடிய) கன்டெய்னர். சரக்கு பம்ப் உதிரிபாகங்கள், எல்லாம் மரப்பெட்டிகளில். கனமான பெட்டி ஒன்று 4 டன் வரும். எஃப்.ஓ.பி. விலையில் (கப்பலில் ஏற்றித் தருவதோடு சப்ளையர் பொறுப்பு முடியும்) வாங்குகிறோம், ஆகவே புக்கிங்கும் இன்சூரன்ஸும் எங்கள் தலையில். பணம் எல்.சி. (வங்கியின் கடனுறுதிக் கடிதம்) வழியாக, பி.எல். (சரக்கு ஏற்றியதற்குக் கப்பல் கம்பெனி தரும் ஆவணம்) தேதியிலிருந்து 90 நாள் தவணை.

ஃபார்வர்டர் (சரக்கு அனுப்பும் ஏஜென்ட்) இரண்டு ரேட் அனுப்பியிருக்கிறார். இரண்டுமே செங்கடல், சூயஸ் வழியைத் தவிர்த்து நன்னம்பிக்கை முனையைச் சுற்றி வருபவை. முதலாவது நேர் சர்வீஸ், 40 நாள். இரண்டாவது சிங்கப்பூரில் கப்பல் மாற்றி 44 நாள், ரேட் கணிசமாகக் குறைவு. 4 நாள் தாமதம் எங்களுக்குப் பெரிய விஷயம் இல்லை. அப்படியானால் மலிவானதையே எடுத்துவிடலாமா?

கூடவே மூன்று சந்தேகங்கள். ரேட் ஷீட்டின் அடியில் சின்ன எழுத்தில் உள்ள கூடுதல் கட்டணங்களில் எவையெல்லாம் பிற்பாடு ஏறும்? ‘கிளாஸ் ஏ’ (சரக்கு இன்சூரன்ஸின் மிக விரிவான நிபந்தனைத் தொகுப்பு) இன்சூரன்ஸ் போதுமா? சூயஸ் வழி திறக்கப்போகிறது என்கிறார்களே, ஒரு மாதம் பொறுத்து ஏற்றினால் லாபமா?

பதில் 1: கப்பல்கணக்கு

ரேட் ஷீட்டில் உள்ள 44-ஐ அப்படியே நம்பி நீங்கள் கணக்குப் போடுவதுதான் இடிக்கிறது.

முதலில் தூரம். சிங்கப்பூரிலிருந்து ராட்டர்டாமுக்கு சூயஸ் வழி சுமார் 8,300 கடல் மைல். முனையைச் சுற்றினால் சுமார் 11,800. கூடுதல் 3,500. மணிக்கு 15 கடல் மைல் ஓடும் கப்பல் ஒரு நாளில் 360 மைல் கடக்கும், ஆக 10 நாள் கூடும். வேகத்தை 18-க்கு ஏற்றினால் அது 8 நாளாகும். ஆனால் எரிபொருள் செலவு ஏறக்குறைய வேகத்தின் கனத்துக்கு (வேகம் × வேகம் × வேகம்) ஏறும், ஒரு நாள் செலவு 70 சதவீதத்துக்கு மேல் கூடிவிடும். அதனால் அட்டவணை கெட்டுப்போனால் மட்டும்தான் விரட்டுவார்கள்.

இந்த 10 நாள் உங்கள் இரண்டு ரேட்டிலும் ஏற்கெனவே அடங்கியிருக்கிறது. 2023 நவம்பரில் கேலக்ஸி லீடர் கப்பலை யேமனின் ஹூதி கிளர்ச்சியாளர்கள் செங்கடலில் கைப்பற்றியதற்குப் பிறகு பெரிய லைன்கள் (கப்பல் கம்பெனிகள்) ஒவ்வொன்றாக முனைப் பக்கம் திரும்பின. அந்தத் தூரத்தை வைத்தே அட்டவணையை மாற்றி எழுதி வெகு நாளாகிறது. கவலைப்பட வேண்டியது அட்டவணைக்கு மேல் வரும் தாமதத்துக்கு.

அது எங்கிருந்து வருகிறது? வாராந்தர சர்வீஸ் ஒன்று போய்த் திரும்ப 14 வாரம் ஆகிறது என்றால், வாரம் தவறாமல் புறப்பட 14 கப்பல் வேண்டும். லைனிடம் 13 தான் இருந்தால் 14 வாரத்தில் ஒரு வாரம் கப்பலே இல்லை. இதுதான் பிளாங்க் செய்லிங். புயலால் ஒரு கப்பல் 5 நாள் பிந்தினால் அட்டவணையைச் சரிக்கட்ட ஒரு துறைமுகத்தையே தாண்டிப் போய்விடுவார்கள். அந்த வாரச் சரக்கு அடுத்த கப்பலுக்கு ரோல் ஆகும் (தள்ளிப்போகும்), அடுத்த கப்பலிலும் இடம் இருக்காது.

நேர் சர்வீஸில் இந்த ஆபத்து ஏற்றும் இடத்தில் ஒரு முறை. கப்பல் மாற்றினால் இரண்டு முறை. இரண்டாவது கப்பல் தவறினால் நேரடியாக 7 நாள் போச்சு, அடுத்த வாரம் பிளாங்க் என்றால் 14. 2024 மே, ஜூனில் சிங்கப்பூரில் கப்பல்கள் பெர்த்துக்காகவே (கரையோரம் நிற்கும் இடம்) நாள்கணக்கில் நின்றன. முற்றத்தில் கிடந்த பெட்டிகளின் கதி என்ன என்று சொல்ல வேண்டியதில்லை.

ஃபார்வர்டரிடம் இதைக் கேளுங்கள்: இரண்டு கப்பல்களின் பெயர், ஐ.எம்.ஓ. எண் (கப்பலின் அடையாள எண்), வாயேஜ் (பயண) எண், சிங்கப்பூரில் இறங்குவதற்கும் ஏறுவதற்கும் நடுவே எத்தனை நாள். 5 நாளுக்குக் குறைவு என்றால் அந்த இணைப்பு கிடைக்காது என்றே வைத்துக்கொள்ளுங்கள். ‘இரண்டாவது கப்பல் பிறகு முடிவாகும்’ என்று பதில் வந்தால், 44 என்ற எண்ணே ஒப்புக்குப் போட்டது. அதோடு அதே சர்வீஸின் கடைசி மூன்று கப்பல்கள் ராட்டர்டாமில் உண்மையில் எந்தத் தேதி பெர்த் பிடித்தன என்று பாருங்கள். அறிவித்த தேதிக்கும் அதற்கும் உள்ள இடைவெளிதான் தாமதத்துக்காக நீங்கள் உண்மையில் கூடுதலாக ஒதுக்க வேண்டிய நாள்.

தாமதத்துக்கான ஒதுக்கீட்டையும் கூட்டினால் என் கணக்கு: நேர் சர்வீஸுக்கு 40 + 7, மாற்றுக் கப்பலுக்கு 44 + 14. மலிவு ரேட்டில் மிச்சமாகும் பணத்தை இந்த 11 நாளோடு ஒப்பிடுங்கள், 4 நாளோடு அல்ல.

பதில் 2: ஆவணமேசை

மேலே சொன்னதில் மாற்றுக் கருத்து இல்லை. காகிதப் பக்கத்தை நான் சொல்கிறேன், பணம் பெரும்பாலும் அங்கேதான் கசியும்.

90 நாள் தவணை பி.எல். தேதியிலிருந்து ஓடுகிறது என்கிறீர்கள். சரக்கு 40 நாளில் வந்து, 5 நாளில் கிளியர் ஆனால் விற்றுப் பணம் பார்க்க 45 நாள் மிச்சம். 58 நாளில் வந்தால் 27 தான். முனை வழி என்று தெரிந்தே எல்.சி. திறக்கும்போது தவணையை 105 நாளாகக் கேட்டுப் பாருங்கள். சப்ளையர் விலையில் கொஞ்சம் ஏற்றுவார், அதையும் கணக்கில் சேருங்கள்.

ரோல் ஆனால் மாட்டிக்கொள்வது சப்ளையர். வங்கி பார்ப்பது ‘ஷிப்டு ஆன் போர்டு’ (கப்பலில் ஏறிய) தேதியை, துறைமுகத்தில் பெட்டியைக் கொடுத்த தேதியை அல்ல. கடைசி ஏற்றுமதித் தேதி ஒரு நாள் தாண்டினாலும் டிஸ்கிரெபன்சி (ஆவண முரண்பாடு). ஆகவே எல்.சி.யில் கடைசி ஏற்றுமதித் தேதியை, திட்டமிட்ட புறப்பாட்டுக்கு 3 வாரம் தள்ளி வையுங்கள். காலாவதித் தேதியை அதற்கு மேல் 21 நாள். எல்.சி.யில் வேறு மாதிரி சொல்லாதவரை ஏற்றிய 21 நாளுக்குள் ஆவணம் கொடுக்க வேண்டும் என்பது யு.சி.பி. 600 என்ற சர்வதேச எல்.சி. விதித்தொகுப்பின் விதி. தேதி நெருங்கிவிட்டால் முன்னதாகவே திருத்தம் போடுங்கள். ‘பி.எல்.லைப் பின்தேதியிட்டு வாங்கித் தருகிறேன்’ என்று யாராவது சொன்னால் வேண்டவே வேண்டாம். அது மோசடி, இன்டெம்னிட்டி (நஷ்டஈட்டு உறுதி) கடிதம் அதைச் சரியாக்காது.

கட்டணங்கள். எரிபொருள் சர்சார்ஜ், பீக் சீசன் சர்சார்ஜ், ஐரோப்பிய உமிழ்வுக் கட்டணம் மூன்றும் ரேட்டுக்குள் அடக்கமா, வெளியே தனியா என்று எழுத்தில் வாங்குங்கள். உமிழ்வுக் கட்டணம் படிப்படியாக ஏறியது. லைன் காசு கட்ட வேண்டிய பங்கு: 2024 உமிழ்வில் 40%, 2025-ல் 70%, 2026-லிருந்து 100%. பழைய ரேட் ஷீட்டை வைத்து மதிப்பிடாதீர்கள். ரேட் எந்தத் தேதிக்குச் செல்லும் என்பதையும் கேளுங்கள், புக்கிங் தேதியா, கப்பல் புறப்படும் தேதியா? மாத இறுதிக் கப்பல் ரோல் ஆகி 1-ம் தேதிக்குப் போனால், புது மாத ரேட் உயர்வு உங்கள் மேல் விழும். ‘லைன் தவறால் ரோல் ஆனால் பழைய ரேட்’ என்று ஒரு வரி போதும். புக்கிங்கின்போது கேட்டால் கிடைக்கும், பிறகு கேட்டால் கிடைக்காது.

ஃப்ரீ டைமும் (கட்டணம் இல்லாத நாள்கள்) அப்படித்தான். டெமரேஜ் என்பது இறங்கிய பெட்டி டெர்மினலில் கிடக்கும் நாளுக்கு, டிடென்ஷன் என்பது வெளியே எடுத்துப்போய்க் காலிப் பெட்டியைத் திருப்பாத நாளுக்கு. தாமதமான கப்பல்கள் ஒன்றாக வந்து சேரும்போது லாரியும் கிடைக்காது, டெர்மினல் ஸ்லாட்டும் கிடைக்காது. ஆனால் கடிகாரம் ஓடும். இரண்டும் சேர்த்து 14 நாள் இப்போதே கேளுங்கள்.

இன்சூரன்ஸ். கிளாஸ் ஏ எடுங்கள், ஆனால் இரண்டு ஓட்டை இருக்கிறது. ஒன்று, தாமதத்தால் வரும் நஷ்டத்தை அது தராது, தாமதத்துக்குக் காரணம் இன்சூர் செய்த ஆபத்தாகவே இருந்தாலும். இரண்டு, போரும் வேலைநிறுத்தமும் அதில் இல்லை. வார் கிளாஸும் ஸ்ட்ரைக்ஸ் கிளாஸும் தனியாகச் சேர்க்க வேண்டும். எஃப்.ஓ.பி. என்பதால் சப்ளையர் கிடங்கிலிருந்து கப்பலில் ஏறும்வரை யார் கவர் என்பதையும் தெளிவாக்கிவிடுங்கள். கன்டெய்னர் சரக்குக்கு எஃப்.சி.ஏ. (கேரியரிடம் ஒப்படைப்பதோடு சப்ளையர் பொறுப்பு முடியும் முறை) தான் பொருத்தம், டெர்மினல் வாசலில் கொடுத்த பிறகு சப்ளையருக்குப் பெட்டி மேல் எந்தப் பிடியும் இருப்பதில்லை.

ஜெனரல் ஆவரேஜ் பற்றிப் பலரும் யோசிப்பதே இல்லை. 2021 மார்ச்சில் எவர் கிவன் சூயஸில் சிக்கியபோதும், 2024 மார்ச்சில் டாலி பால்டிமோர் பாலத்தில் மோதியபோதும் அதை அறிவித்தார்கள். உங்கள் பெட்டிக்கு ஒரு கீறல் இல்லாவிட்டாலும், கப்பலைக் காப்பாற்றிய செலவில் பங்கு கொடுக்க வேண்டும். இன்சூரன்ஸ் இருந்தால் கம்பெனி ஆவரேஜ் கேரன்டி (அந்தப் பங்குக்கு உத்தரவாதம்) கொடுக்கும், நீங்கள் பாண்டில் (பங்கு தர ஒப்புக்கொள்ளும் பத்திரம்) கையெழுத்திட்டால் போதும். இல்லாவிட்டால் ரொக்க டெபாசிட் கட்டும்வரை சரக்கை விடமாட்டார்கள்.

பதில் 3: லாஷிங்

4 டன் பெட்டி என்று போகிற போக்கில் சொல்லிவிட்டீங்க. எனக்கு அதுதான் கண்ணை உறுத்துது.

கன்டெய்னர் தரையில் இருக்கிற கட்டு வளையம் ஒவ்வொன்றும் 1 டன் இழுவைக்குத்தான். மேலே இருக்கிறது அரை டன். கடும் அலையில் சரக்கு பக்கவாட்டில் தன் எடையில் 0.8 பங்கு விசையோட தள்ளும்னு கணக்கு வைத்துப் பேக் பண்ணச் சொல்கிறது சி.டி.யு. கோட் (கன்டெய்னரில் சரக்கு அடுக்குவதற்கான சர்வதேச வழிகாட்டி). 4 டன்னுக்கு 3.2 டன். பெல்ட் மட்டும் போட்டால் வளையம் பிய்த்துக்கொண்டு வரும். கீழே குறுக்குச் சட்டம் வைத்து, பெட்டிக்கும் சுவருக்கும் நடுவில் மரம் அடைத்து இறுக்கணும். அந்த மரமும் சுவர்த் தகட்டில் ஒரே இடத்தில் குத்தக்கூடாது, நீளப் பலகை வைத்து பல மடிப்புகளுக்குப் பரப்பணும். கதவு ஓரத்தில் ஏர்பேக் வைக்காதீங்க, திறக்கிறவன் மேல் விழும்.

முனைப் பக்கம் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை குளிர்காலம், கடல் மோசம். 2024 ஜூலையில் பெஞ்சமின் ஃபிராங்க்ளின் கப்பலிலிருந்து 44 கன்டெய்னர், அடுத்த மாதமே பெலெம் கப்பலிலிருந்து 99 கன்டெய்னர் கடலில் போச்சு. விழாத கன்டெய்னருக்குள்ளே என்ன ஆட்டம் ஆடியிருக்கும்னு நினைச்சுப் பாருங்க.

அடுத்தது ஈரம். சூயஸ் வழியில் பூமத்திய ரேகையைத் தாண்டுவதே இல்லை. இந்த வழியில் இரண்டு தடவை. சூடான காற்று, பிறகு குளிர்ந்த கூரை, உள்ளே மழை மாதிரி சொட்டும். பெரும்பாலான தண்ணீர் உங்க மரப்பெட்டியிலிருந்தே வருவது. உலர் எடையில் 500 கிலோ மரம் 25% ஈரத்திலிருந்து 15%-க்கு இறங்கினால் 50 லிட்டர். ஒரு கிலோ உறிஞ்சிப் பை பன்னிரண்டு தொங்கவிட்டாலும் அவ்வளவையும் குடிக்காது. ஐ.எஸ்.பி.எம். 15 (மரப் பேக்கிங்குக்கான சர்வதேச விதி) முத்திரை இருந்தால் மரம் காய்ந்ததுன்னு அர்த்தமில்லை. அது பூச்சிக்காக, நடுமரம் 56 டிகிரியில் 30 நிமிஷம் சூடானதற்கான முத்திரை, அவ்வளவே. சப்ளையரை மீட்டர் வைத்து அளந்து போட்டோ அனுப்பச் சொல்லுங்க, 18%-க்கு மேல் இருந்தால் திருப்புங்க. இயந்திரம் கடைந்த பரப்புகளை வி.சி.ஐ. (துருத் தடுப்பு) பையில் போட்டு வாயை ஒட்டணும். ஒட்டாத வி.சி.ஐ. வெறும் பிளாஸ்டிக் உறைதான். அடைக்கிற சட்டத்துக்கும் முத்திரை வேணும், பெட்டிக்கு மட்டும் இருந்து ராட்டர்டாமில் நின்ற சரக்கு உண்டு.

பதில் 4: நங்கூரம்

சூயஸ் கேள்விக்கு: காத்திருக்காதீர்கள்.

2025 முதல் பாதியில் வணிகக் கப்பல்கள் மேல் தாக்குதலே இல்லை, எல்லாம் ஓய்ந்தது போல இருந்தது. ஜூலையில் ஒரே வாரத்தில் மேஜிக் சீஸ், எடர்னிட்டி சி என்ற இரண்டு கப்பல்களையும் ஹூதிகள் செங்கடலில் மூழ்கடித்தார்கள். சில மாத அமைதியை நம்பி ஒரு முழு சர்வீஸையும் எந்த லைனும் உடனே திருப்பிவிடாது. நடுவில் கடற்படைத் துணையோடு தனித்தனிக் கப்பல்கள் போவது வேறு விஷயம்.

அப்படியே திருப்பினாலும் முதல் சில வாரங்கள்தான் மோசமானவை. முனை வழியாக முன்பே கிளம்பிய கப்பலும், 10 நாள் பின்னால் கிளம்பி சூயஸ் வழியாக வந்த கப்பலும் ராட்டர்டாமில் ஒரே வாரத்தில் வந்து நிற்கும். டெர்மினல் அடைபடும், லாரி கிடைக்காது, காலிப் பெட்டிகள் தவறான இடத்தில் குவியும். கப்பல்கணக்கு சொன்ன 40 + 7-ஐ அந்த நேரத்தில் நான் நம்பமாட்டேன், 14 வைப்பேன். ரேட் விழும் என்பது சரி. அதற்காக மட்டும் காத்திருப்பதென்றால் உங்கள் கிடங்கில் 2 மாத இருப்பு இருக்க வேண்டும்.

ஒன்று செய்யலாம். இயந்திரம் நின்றுவிடும் அளவுக்கு அவசரமான சின்ன பாகங்களைப் பிரித்து விமானத்தில் அனுப்புங்கள். நீளம் × அகலம் × உயரம் செ.மீ.யில் பெருக்கி 6,000-ஆல் வகுத்தால் வரும் கிலோவும் உண்மை எடையும், இரண்டில் எது அதிகமோ அதற்குக் கட்டணம். பம்ப் பாகம் கனமானது, எடைதான் பேசும்.

கேள்வியாளர்: புதுச்சரக்கு

நன்றி. நேர் சர்வீஸே எடுக்கிறோம். இரண்டு விஷயம் மட்டும். வார் கவர் துறைமுகத்தில் கப்பல் மாற்றக் காத்திருக்கும்போதும் இருக்குமா? நேர் சர்வீஸ் கப்பல் ராட்டர்டாமைத் தாண்டி ஆன்ட்வெர்ப்பில் இறக்கிவிட்டால் என்ன செய்வது?

பதில் 5: ஆவணமேசை

வார் கவர் சரக்கு கப்பலில் இருக்கும்போதுதான். மாற்றும் துறைமுகத்தில் கப்பல் வந்த நாள் நள்ளிரவிலிருந்து 15 நாள் வரை கரையிலும் தொடரும், அதற்கு மேல் நின்றுவிடும். இரண்டாவது கப்பலில் ஏறியதும் மறுபடி உயிர் பெறும். நேர் சர்வீஸில் உங்களுக்கு இந்தத் தலைவலி இல்லை.

ஆன்ட்வெர்ப்பில் இறக்க பி.எல். பின்பக்க விதிகள் லைனுக்கு அனுமதி கொடுத்திருக்கும். வழக்கமாக பார்ஜிலோ (சரக்குப் படகு) லாரியிலோ ராட்டர்டாமுக்குக் கொண்டுவந்து தருவார்கள். அறிவிப்பு வந்த அன்றே கேட்க வேண்டியது, அதை யார் செலவில் செய்கிறார்கள், பயணம் ஆன்ட்வெர்ப்பிலேயே முடிந்தது என்கிறார்களா என்பது. முடிந்தது என்றால் நீங்களே எடுக்க வேண்டும். டியூட்டி கட்டாமல் ராட்டர்டாமுக்கு நகர்த்த டி1 டிரான்சிட் ஆவணம் போடச் சொல்லுங்கள். காலிப் பெட்டியை எந்த டெப்போவில் திருப்புவது என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். வேறு ஊர் டெப்போவில் விட்டால் டிராப்-ஆஃப் கட்டணம் தனி.