உறைபனி எச்சரிக்கைக்கு எந்த இலவச ஏபிஐ? என் அனுபவம்

சித்தப்பாவுக்கு நீலகிரியில் எடக்காடு பக்கம் ஒரு ஏக்கர் தேயிலை. டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழுந்தால் கொழுந்து கருகிவிடும். முந்தின சாயங்காலமே தெரிந்தால் தாகைச் செடியை வெட்டிப் போட்டு மூடலாம். அதற்காகத் தினமும் 5 மணிக்கு அவர் போனுக்கு மெசேஜ் போகிற மாதிரி பைத்தான் மொழியில் ஒரு ஸ்கிரிப்ட் (சிறு நிரல்) எழுதினேன்.

முதலில் எடுத்த ஏபிஐக்கு (ஸ்கிரிப்ட் கேட்டால் வானிலைத் தகவலை அனுப்பும் இணையச் சேவை) ஊர்ப் பெயர் மட்டும் கொடுத்தால் போதும், பத்து நிமிடத்தில் வேலை முடிந்தது. அது 11 டிகிரி என்று சொன்ன இரவில்தான் செடியெல்லாம் வெள்ளை பூத்து நின்றது. "இனி இதை நம்பலாமா தம்பி?" என்று சித்தப்பா கேட்டபோது மனசு கஷ்டமாகிவிட்டது.

மேட்டுப்பாளையம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 300 மீட்டர், ஊட்டி 2,240. இடையில் நேர்க்கோட்டில் ஏறக்குறைய 30 கிலோமீட்டர்தான். உயரத்தைக் கணக்கில் எடுக்காத எண் நம் மலைக்கு உதவாது.

அப்புறம் ஓபன்-மீட்டியோ என்ற இன்னொரு ஏபிஐக்கு மாறினேன். கீ (பதிவு செய்து வாங்கும் அனுமதிக் குறியீடு) வேண்டாம், வணிகம் அல்லாத பயன்பாட்டுக்கு ஒரு நாளைக்கு 10,000 அழைப்பு வரை இலவசம். உயரத்தை நாமே கொடுக்கலாம், கொடுக்காவிட்டால் 90 மீட்டர் துல்லியமுள்ள நிலவரைபடத்திலிருந்து அதுவே எடுத்துக்கொள்ளும். நார்வே வானிலைத் துறையின் ஏபிஐயும் அப்படித்தான், கீ இல்லை, உயரம் கொடுக்கலாம். ஆனால் யூசர்-ஏஜென்டில் (கேட்பது யார் என்று ஸ்கிரிப்ட் சொல்லும் வரி) உங்கள் செயலியின் பெயரும் தொடர்பு விவரமும் இருக்க வேண்டும், இல்லையென்றால் 403 என்ற மறுப்புதான் வரும்.

நான் ஒரு வாரம் மாட்டிக்கொண்டது நேரத்தில். இரண்டுமே எதுவும் சொல்லாவிட்டால் யூடிசி நேரத்தில்தான் (நம் நேரத்துக்கு ஐந்தரை மணி பின்னால் இருக்கும் உலகப் பொது நேரம்) தரும். யூடிசியில் தேதி மாறுவது நமக்குக் காலை 5.30, சரியாகப் பனி இறுகும் வேளை! ஒரே இரவின் குளிர் இரண்டு தேதிகளாகப் பிரிந்துபோய், 'இன்றைய குறைந்தபட்சம்' தப்பாக வந்தது. ஓபன்-மீட்டியோவில் டைம்சோனை ஏசியா/கொல்கத்தா என்று கொடுத்ததும் சரியானது. நார்வேயுடையதில் ஐந்தரை மணி நேரத்தை நானே கூட்டிக்கொள்கிறேன்.

இன்னொன்று, வருகிற வெப்பநிலை தரையிலிருந்து 2 மீட்டர் உயரத்துக்கானது. மேகமும் காற்றும் இல்லாத இரவில் இலை அதைவிடக் குளிர்ந்துவிடும். அதனால் 4 டிகிரிக்குக் கீழே போனாலே மெசேஜ் அனுப்புகிறேன். மூன்று முறை முயன்றும் பதில் வராவிட்டால் 'இன்று தகவல் இல்லை, வானத்தைப் பாருங்கள்' என்று போகும். மெசேஜ் வராததைப் பனி இல்லை என்று அவர் எடுத்துக்கொள்ளக் கூடாது.

கொடைக்கானலில் மன்னவனூர், கூக்கால் பக்கம் யாராவது இதை ஓட்டிப் பார்த்தீர்களா? அங்கே பள்ளத்து வயலில் ஏபிஐ சொல்வதற்கும் உண்மையான குளிருக்கும் எத்தனை டிகிரி வித்தியாசம் வருகிறது என்று சொல்லுங்கள்.