மெர்லின் ரீச்சரும் மந்திரவாதியும்

வாட்ஸ்அப் குழு: வட்டக்கச்சி வீடு 🌾

சின்னண்ணை: வாற கிழமை பிள்ளைக்கு 31ஆம் நாள் சடங்கு. அதுக்கு முதல் பெயரை முடிக்கவேணும். ஐயர் எழுதித் தந்தது: நட்சத்திரம் மகம், முதல் எழுத்து மா மீ மூ மே. எனக்கு மந்திரவாதி ஒராளின்ர பெயர் வைக்கத்தான் விருப்பம். சிரிக்கிற ஆக்கள் இப்பவே சிரிச்சு முடியுங்கோ.

பெரியண்ணை: 😂😂😂

பெரியக்கா: பிள்ளைக்கு நாவூறு கழிக்கவே ஆள் தேடித் திரியிறம். நீ பிள்ளையையே மந்திரவாதி ஆக்கப்போறாய்.

சின்னண்ணை: சூனியம் செய்யிற ஆள் இல்லை அக்கா. வெள்ளைத் தாடி, நீளத் தடி, ராசாவுக்குப் புத்தி சொல்லுற ஆள். மெர்லின். "மே"க்கும் சரியா வருது.

பெரியக்கா: மெர்லினோ? எங்களுக்குச் சங்கீதம் படிப்பிச்ச ரீச்சரின்ர பெயரெல்லோ அது.

நான்: என்ர வகுப்பிலயும் ஒரு மெர்லின் இருந்தவள். நீளப் பின்னல். தாடி இல்லை.

சின்னண்ணை: இங்கதான் உது பொம்பிளைப் பெயர். அங்க வேல்ஸ் நாட்டுப் பழங்கதையில வாற ஆம்பிளை. 12ஆம் நூற்றாண்டில ஜெஃப்ரி ஒஃப் மொன்மத் எண்டவர் லத்தீனில எழுதி வைச்சவர். ஆர்தர் ராசா பிறந்ததே மெர்லின்ர மாயத்தாலதான்.

பெரியக்கா: அதெப்பிடி?

சின்னண்ணை: அப்பா இருக்கிற குழுவில சொல்லேலாது.

சித்தப்பா லண்டன்: தம்பி, இங்க மெர்லின் எண்டு ஒரு சின்ன வல்லூறும் இருக்கு. இரண்டாம் உலகப்போரில ஸ்பிற்ஃபயர் விமானத்துக்குப் பூட்டின ரோல்ஸ் ரொய்ஸ் எஞ்சினுக்கும் அந்தக் குருவியின்ர பெயர்தான்.

பெரியண்ணை: எஞ்சின் எண்டால் என்ர லான்ட்மாஸ்ரர் உழவு மெசினுக்கு வைக்கிறன். ஹான்டில் போட்டுச் சுத்தச் சுத்த எழும்பாது, மந்திரம் போட்டாலாவது எழும்புதோ பாப்பம். பிள்ளைக்கு வேண்டாம்.

மன்னார் மாமி: மருமோன், பல்தசார் நல்ல பெயர். எங்கட பக்கம் வைக்கிறவை. மூவிராசாக்கள் கஸ்பார், மெல்கியோர், பல்தசார். ராசா எண்டு நாங்கள் சொன்னாலும் மத்தேயு சுவிசேசத்தில அவை வானத்தில வெள்ளி பாத்து வந்த ஞானியள். பெயரும் அதில இல்லை, எத்தினை பேர் எண்டும் இல்லை. பொன், சாம்பிராணி, வெள்ளைப்போளம் எண்டு மூண்டு காணிக்கை, அதால மூண்டு பேர் ஆக்கிப்போட்டினம்.

பெரியக்கா: நல்லாத்தான் இருக்கு மாமி, ஆனா மானாவில எல்லோ வேணும்.

மன்னார் மாமி: அப்ப மெல்கியோர்.

பெரியண்ணை: ஐயர் காதில மூண்டுதரம் "மெல்கியோர்" எண்டு சொல்லுறதை யோசிச்சுப் பாக்கிறன் 😄

மன்னார் மாமி: ஏன், ஆவணித் திருவிழாவுக்கு நீங்கள் எல்லாரும் மடு மாதா கோயிலுக்கு வாறேல்லையோ?

பெரியண்ணை: அதுவும் சரிதான் மாமி 🙏

பெரியக்கா: அதிசயம் வேணும் எண்டால் வற்றாப்பளை இருக்கு. வைகாசிப் பொங்கலுக்குக் கடல்தண்ணி எடுத்து வந்து அதிலயே விளக்கு எரிக்கிற இடம். கண்ணகி அம்மனை வைச்சு ஒரு பெயர் பாருங்கோவன்.

நான்: ஆம்பிளைப் பெயர் எண்டால் கோவலன்தான் கிடக்கு.

மச்சாள்: வேண்டாம்.

அப்பா: 🎤 2:41

மன்னார் மாமி: நான் கிளினிக் வரிசையில நிக்கிறன், வொய்ஸ் கேக்கேலாது. ஆராவது எழுதுங்கோ.

நான்: அப்பா சொல்லுறார்: "வெள்ளைக்காரன்ர தாடிக்காரன் என்னத்துக்கு? கூடுவிட்டுக் கூடு பாயிறதை விடப் பெரிய வித்தை இருக்கோ? சாத்தனூரில மூலன் எண்ட இடையன் மாடு மேய்க்கேக்க செத்துப்போனான். மாடுகள் அவனைச் சுத்தி நிண்டு கண்ணீர் விட்டதாம். கைலாயத்தில இருந்து வந்த யோகியார் அதைப் பாக்க ஏலாமல், தன்ர உடம்பை ஒளிச்சு வைச்சிட்டு மூலன்ர உடம்புக்குள்ள போனார். மாடுகளை வீட்டை சேர்த்திட்டுத் திரும்பி வந்தால் தன்ர உடம்பைக் காணேல்லை. பேந்து அந்த இடையன்ர உடம்போடயே திருவாவடுதுறையில இருந்து பாடினதுதான் திருமந்திரம். மூலன் எண்டு வை. நாங்களும் பட்டி வைச்சிருந்த ஆக்கள்தானே."
மிச்சம் ஒரு நிமிசம் வெள்ளைப் பசு பற்றி. காலமை போனது இன்னும் வரேல்லையாம்.

பெரியண்ணை: கதை திறம் அப்பா. ஆனா பள்ளிக்கூடத்தில பெடியள் "டேய் மூலம் வருது" எண்டு கத்துவாங்கள். நான் அங்க படிச்சனான், எனக்குத் தெரியும்.

அப்பா: யோகன் எண்டு வைக்கலாம். யோகர் சுவாமி கிளிநொச்சியில நீர்ப்பாசனக் கந்தோரில ஸ்ரோர் கீப்பரா இருந்தவர்.

பெரியக்கா: அவர் மந்திரவாதி இல்லையே அப்பா.

அப்பா: போன ஆள் வாய் திறக்க முதலே வந்த காரியத்தைச் சொல்லி ஏசிக் கலைச்சுவிடுவாராம். அது காணாதோ?

சின்னண்ணை: "யோ" எங்க, "மா" எங்க அப்பா.

மச்சாள்: நான் ஒண்டு சொல்லட்டோ? இவ்வளவு நேரமும் பிள்ளையை மடியில வைச்சுக்கொண்டு வாசிக்கிறன், ஒருத்தரும் என்னைக் கேக்கேல்லை. மாயன். திருப்பாவையில அஞ்சாம் பாட்டுத் தொடங்கிறதே அந்தப் பெயரிலதான். இவருக்கு மாயம் கிடைச்சிட்டுது, ஐயருக்கு "மா" கிடைச்சிட்டுது. மூண்டே எழுத்து, ஆரும் பிழையா எழுதமாட்டினம். இடப்பெயர்வில துலைஞ்ச பிறப்புப் பதிவைத் திரும்ப எடுத்தால் அதில என்ர பெயர் ஒரு மாதிரி, அடையாள அட்டையில வேற மாதிரி. அதைத் திருத்த அலைஞ்ச அலைச்சல் எனக்குத்தான் தெரியும்.

நான்: சின்னண்ணை டைப் பண்ணுறார்… நிப்பாட்டுறார்… டைப் பண்ணுறார்…

சின்னண்ணை: மயன் எண்டு வைச்சால் என்ன? பாண்டவருக்கு மண்டபம் கட்டிக் குடுத்தவர். துரியோதனன் பளிங்குத் தரையைத் தண்ணி எண்டு நினைச்சு உடுப்பைத் தூக்கி, பேந்து உண்மையான தண்ணியைத் தரை எண்டு நினைச்சு விழுந்தானே.

மச்சாள்: மயன் இல்லை. மாயன்.

சின்னண்ணை: சரி. மாயன்.

பெரியண்ணை: மாயன் கலண்டர் ஞாபகம் இருக்கோ? 2012 டிசம்பர் 21 உலகம் அழியுது எண்டு மெழுகுதிரி வாங்கி அடுக்கின ஒராள் இந்தக் குழுவில இருக்கிறா.

பெரியக்கா: கரண்ட் போகும் எண்டுதான் வாங்கினனான்.

சித்தப்பா லண்டன்: எண்சாத்திரம் பாத்தன். எம் 4, ஏ 1, வை 1, ஏ 1, என் 5. 12, கூட்டினால் 3. பிள்ளை பிறந்தது 21, அதுவும் 3. முன்னுக்கு இன்னொரு ஏ போட்டால் 13 ஆகி 4 வந்திடும். ஒரு ஏ தான் போடவேணும்.

சின்னண்ணை: ஒரு ஏ எண்டால் அங்க "மேயன்" எண்டெல்லோ வாசிப்பினம்?

சித்தப்பா லண்டன்: இங்க என்ர பெயரையே ஒருத்தரும் ஒழுங்காச் சொன்னதில்லை. அதை விடு.

பெரியக்கா: 31 முடிஞ்ச கையோட பதிஞ்சு போடு தம்பி. மூண்டு மாசம் தாண்டினால் காலங்கடந்த பதிவு எண்டு இழுபடும். கலியாணப் பதிவையும் கொண்டு போ.

மச்சாள்: தமிழிலயும் இங்கிலீசிலயும் பெரிசா எழுதிக் குடுத்து விடுறன் அக்கா.

அப்பா: மாயன் எண்டால் கண்ணன். அவரும் மாடு மேய்ச்ச ஆள்தான். எனக்குச் சம்மதம். 31க்கு ஆர் ஆர் வாறியள் எண்டு சொல்லுங்கோ, அரிசி அளக்கவேணும்.

மன்னார் மாமி: நாங்கள் நாலு பேர். நண்டு கொண்டு வரலாமோ, அண்டைக்கு மரக்கறியோ?