17 நிமிடம் தாமதம், 100 பவுண்டு: கட்டிவிடவா, எதிர்க்கவா?

குரோய்டன்காரி:
ஊரிலிருந்து அம்மா வந்திருக்கிறார்கள். செப்டம்பர் 6, சனிக்கிழமை, அவர்களுக்குக் குளிருக்கு ஒரு கோட்டு எடுக்க ரீட்டெய்ல் பார்க் ஒன்றுக்குப் போயிருந்தோம். இரண்டு மணி நேரம் பார்க்கிங் இலவசம். இரண்டு மணி நேரத்துக்குள் கிளம்பிவிட்டோம், ஆனால் அம்மாவுக்கு முட்டி பிடித்துக்கொண்டது. கடை வாசலில் இருந்த தள்ளுவண்டிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார்கள். காருக்கு வந்து சேர்வதற்குள் நேரம் தாண்டிவிட்டது.

கண்ணாடியில் டிக்கெட் எதுவும் ஒட்டவில்லை. செப்டம்பர் 23 அன்று, அந்தப் பார்க்கிங்கை நடத்தும் தனியார் கம்பெனியிடமிருந்து கணவர் பெயருக்குக் கடிதம் வந்தது. உள்ளே இரண்டு படங்கள், கார் நுழைவதும் வெளியேறுவதும். மொத்தம் 2 மணி 17 நிமிடம். 100 பவுண்டு கட்ட வேண்டும், 14 நாளுக்குள் கட்டினால் 60. கடிதத்தில் போட்டிருக்கும் தேதி செப்டம்பர் 19.

கணவர் ஒரு பதில் எழுதி வைத்திருக்கிறார்: "அன்று என் மனைவிதான் ஓட்டினாள், மாமியாருக்கு உடம்பு முடியவில்லை, தயவுசெய்து மன்னிக்கவும்." இதை அனுப்பலாமா? அம்மாவுக்கு விஷயம் தெரிந்ததிலிருந்து "என்னால்தானே" என்று கோட்டைப் போடவே மாட்டேன் என்கிறார்கள். எனக்கு அதுதான் தாங்கவில்லை.

லூட்டன்வாசி:
தனியார் கம்பெனிதானே, கவுன்சில் இல்லையே. குப்பையில் போடுங்கள். என் மச்சான் மூன்று கடிதத்தைக் கிழித்துப் போட்டார், ஒன்றும் நடக்கவில்லை.

ஹாரோ அண்ணன்:
தங்கச்சி, முதலில் அந்தப் பதிலை அனுப்பாதேங்கோ. குப்பையிலும் போடாதேங்கோ.

"குப்பையில் போடு" என்பது 2012-க்கு முந்தைய புத்திமதி. அப்போது ஓட்டியவர் யார் என்று கம்பெனிக்குத் தெரியாவிட்டால் வழக்கு நிற்காது. அந்த வருடம் வந்த சுதந்திரப் பாதுகாப்புச் சட்டத்தின் நான்காம் அட்டவணைதான் அதை மாற்றியது. கம்பெனி வாகனப் பதிவு அலுவலகமான டிவிஎல்ஏவிடம் 2.50 பவுண்டு கட்டிப் பதிவுக்காரரின் பெயரை, அதாவது கார் யார் பெயரில் பதிவாகியிருக்கிறதோ அவர் பெயரை, வாங்கும். ஓட்டியவர் பெயர் கிடைக்காவிட்டால் பதிவுக்காரரிடமே பணத்தைக் கேட்கலாம். ஆனால் அதற்குச் சட்டம் சொல்லும் கெடுவைக் கம்பெனி காப்பாற்றியிருக்க வேண்டும்.

உங்கள் விஷயத்தில் எல்லாமே அந்தக் கெடுவில்தான் இருக்கிறது. கண்ணாடியில் டிக்கெட் வைக்காவிட்டால், சம்பவத்துக்கு மறுநாளிலிருந்து எண்ணி 14 நாளுக்குள் கடிதம் வந்து சேர வேண்டும். எழுதிய தேதி கணக்கில்லை, சேர்ந்த தேதிதான் கணக்கு. உங்களுக்குக் கெடு செப்டம்பர் 20. அவர்கள் 19 வெள்ளிக்கிழமையே தபாலில் போட்டிருந்தாலும், இரண்டாவது வேலை நாளில் சேர்ந்ததாகத்தான் சட்டம் எடுத்துக்கொள்ளும். அது 23. மூன்று நாள் பிந்திவிட்டது. ஆகவே பதிவுக்காரரான உங்கள் கணவரிடம் அவர்கள் வசூலிக்க முடியாது.

ஓட்டியவரிடம் கேட்கலாம். ஆனால் யார் ஓட்டியது என்று அவர்களுக்குத் தெரியாது, சொல்லும் கட்டாயமும் உங்களுக்கு இல்லை. உங்கள் கணவரின் கடிதம் அதைத்தான் எழுத்தில் கொடுத்துவிடப் பார்த்தது! "நான்", "மனைவி" எதுவும் வேண்டாம். "வாகனம் நிறுத்தப்பட்டிருந்தது" என்று மட்டும் எழுதி, பதிவுக்காரர் என்ற முறையில் 14 நாள் விதியைச் சொல்லி மறுக்கச் சொல்லுங்கோ.

அவர்கள் மறுத்தால் 28 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். கம்பெனி பிபிஏ என்ற பார்க்கிங் கம்பெனிகள் சங்கத்தின் உறுப்பினர் என்றால் போப்லா என்ற மேல்முறையீட்டு அமைப்பிடம், ஐபிசி என்ற சங்கம் என்றால் ஐஏஎஸ் என்ற அமைப்பிடம். எது என்று கடிதத்தின் அடியில் பொடி எழுத்தில் இருக்கும். போப்லா உங்கள் பக்கம் சொன்னால் கம்பெனி அதற்குக் கட்டுப்பட்டது. ஆனால் அங்கே போய்த் தோற்றால் 60 பவுண்டு சலுகை போய்விடும், அதையும் தெரிந்துகொள்ளுங்கோ.

"17 நிமிடத்துக்கு 100 பவுண்டா" என்று வாதாடிப் பயனில்லை. 10 நிமிடச் சலுகை நேரத்தையும் தாண்டிவிட்டீர்கள். அப்புறம், செம்ஸ்ஃபோர்டில் 56 நிமிடம் கூடுதலாக நின்ற பீவிஸ் என்பவரின் வழக்கில், 85 பவுண்டு நியாயமான தொகைதான் என்று 2015-இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது.

டூட்டிங் அக்கா:
லூட்டன் தம்பி, நானும் அப்படித்தான் கிழித்துப் போட்டேன். கடன் வசூல் கம்பெனி 70 பவுண்டு சேர்த்து 170 என்று சிவப்பு எழுத்தில் அனுப்பியது. அவர்கள் ஜப்தி அதிகாரிகள் இல்லை, வீட்டுக்குள் வர முடியாது, அது உண்மை. ஆனால் நடுவில் நாங்கள் வீடு மாறினோம், கார் பதிவுப் புத்தகத்தில் விலாசத்தை மாற்றவில்லை. கோர்ட் படிவம் பழைய வீட்டுக்குப் போய், நாங்கள் இல்லாமலேயே தீர்ப்பாகிவிட்டது. வீட்டுக் கடனுக்கு விண்ணப்பித்த அன்றுதான் தெரிந்தது. அப்படி ஒரு தீர்ப்பு ஆறு வருடம் பதிவில் நிற்கும். வசூல்காரரின் கடிதம் வேறு, கோர்ட்டிலிருந்து வருவது வேறு. கோர்ட் கடிதத்துக்குக் கட்டாயம் பதில் போட வேண்டும்.

குரோய்டன்காரி:
ரொம்ப நன்றி அண்ணா, அக்கா. உறையைத் தேடி எடுத்து, வந்த தேதியை அதன் மேல் எழுதி வைத்துவிட்டேன். இன்று இரவே கணவர் புதிதாக எழுதுகிறார். அம்மாவின் முட்டிக்கு டாக்டர் கொடுத்த சீட்டை இணைக்கலாமா?

ஹாரோ அண்ணன்:
வேண்டாம். காரில் யார் யார் இருந்தார்கள் என்று அதிலேயே தெரிந்துவிடும். அம்மாவிடம் சொல்லுங்கோ, கம்பெனிதான் பிந்தியது, அவர் இல்லை. கோட்டைப் போடட்டும்.