ஐஸ் பேக்கை நேரடியாக கேரியரில் வைக்கலாமா?

கேள்வி: தடுப்பூசி முகாமுக்குக் கிளம்பும் அவசரத்தில், ஃப்ரீசரிலிருந்து எடுத்த ஐஸ் பேக்கை அப்படியே கேரியரில் (தடுப்பூசி கொண்டுபோகும் குளிர்பெட்டியில்) வைத்தால் என்ன? குப்பியில் விவிஎம் (சூடுபட்டால் நிறம் மாறும் அடையாளம்) சரியாக இருந்தால் போதாதா அக்கா?

பதில் 1: போதாதும்மா. விவிஎம் சூடுபட்டதைத்தான் காட்டும், உறைந்ததைக் காட்டாது. பென்டாவேலன்ட் (ஐந்து நோய்களுக்கான தடுப்பூசி), டிடி (டெட்டனஸ் தடுப்பூசி), ஹெபடைடிஸ் பி மூன்றிலும் அலுமினிய உப்பு இருக்கிறது. உறைந்தால் அது திரண்டு வீரியம் குறைந்துவிடும், திரும்ப வராது. அதனால் முதலில் பேக்குகளை மேசைமேல் பரப்பி வை. மேலே வியர்த்து, காதருகே குலுக்கினால் உள்ளே தண்ணீர் சலசலக்க வேண்டும். கடிகாரம் பார்க்காதே, வெயில் நாளில் சீக்கிரம் ஆகும், மழை நாளில் நேரம் பிடிக்கும். பிறகு துடைத்து, நான்கையும் கேரியரின் நான்கு பக்கமும் நிறுத்து. குப்பிகள் ஜிப் பையில், நடுவில்.

பதில் 2: உறைந்ததோ என்று சந்தேகம் வந்தால் குலுக்கல் சோதனை செய்யுங்கள். அதே கம்பெனி, அதே பேட்ச் குப்பி ஒன்றை வேண்டுமென்றே கெட்டியாக உறையவைத்து உருகவிடுங்கள். இரண்டையும் சேர்த்துக் குலுக்கி, அரைமணி வரை அசையாமல் வையுங்கள். சந்தேகக் குப்பியிலும் அதே வேகத்தில் வண்டல் படிந்தால் ஒதுக்கிவிட வேண்டும். ஐபிவிக்கு (ஊசியாகப் போடும் போலியோ மருந்துக்கு) இந்தச் சோதனை செல்லாது.

பதில் 3: போலியோ சொட்டு மருந்து உறைவதால் கெடாது. பிசிஜி (காசநோய்த் தடுப்பூசி) பொடியும் அப்படித்தான், ஆனால் அதன் கரைப்பான் உறையக் கூடாது.