கொடி வகைகளுக்கான கலைச்சொற்கள்: நிறத்தால் பெயரிட வேண்டாம்

அன்புடையீர், வணக்கம்.

கொடி வகைகளுக்குத் தமிழ்ப் பெயர் வைக்க இதுவரை வந்த சொற்பட்டியலில் 'பதாகை' என்ற ஒரே சொல் பல இடங்களில் நிற்கிறது. மற்றவற்றுக்கு 'சிவப்பு மஞ்சள் கொடி', 'நீல வெள்ளைக் கொடி' என்று நிறத்தை வைத்தே பெயர் தந்திருக்கிறார்கள். இரண்டையும் மாற்ற வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். மட்டக்களப்பில் பதாகை என்றால் ஊர்வலத்தில் இருவர் பிடித்துப்போகும் எழுத்துத் துணிதான் நினைவுக்கு வரும். கப்பலில் பறப்பதையும் அதே சொல்லால் அழைக்க வேண்டியதில்லை. கொடி என்றே வைத்துக்கொண்டு, அது செய்யும் வேலையை முன்னால் சேர்த்தால் போதும். தமிழுக்கு இது புதிதும் அல்ல: கள் விற்கும் இடத்தில் பறந்ததைப் பட்டினப்பாலை 'நறவுநொடைக் கொடி' என்றே சொல்கிறது.

நிறப்பெயர் ஏன் ஆபத்து என்பதற்குக் கடற்கரையே சான்று. மேற்பாதி சிவப்பும் கீழ்ப்பாதி மஞ்சளுமான கொடி இரண்டை நட்டிருந்தால், அவற்றுக்கு இடைப்பட்ட பகுதியை உயிர்காப்பாளர்கள் கவனித்துக்கொண்டிருக்கிறார்கள், குளிப்பதானால் அங்கேதான் குளிக்க வேண்டும் என்று பொருள். முழுச் சிவப்போ இறங்கக் கூடாது என்கிறது. பாசிக்குடாவுக்குப் பிள்ளைகளோடு வரும் குடும்பத்துக்கு இரண்டிலும் சிவப்புத்தான் கண்ணில் படும். ஆகவே முதலாவதைக் காவற்கொடி என்றும், முழுச் சிவப்பைத் தடைக்கொடி என்றும், அவதானமாக இருக்கச் சொல்லும் மஞ்சளை எச்சரிக்கைக்கொடி என்றும் வைக்கலாம். கறுப்பும் வெள்ளையும் நாலு கட்டமாக இருப்பது பலகையோடு அலையில் சறுக்குவோருக்கு ஒதுக்கிய இடத்தைக் காட்டும். அறுகம்பை போன்ற இடத்துக்கு வேண்டிய கொடி. அதற்கு அலைச்சறுக்குக் கொடி என்பதே போதும்.

அடுத்தது சுழியோடிக் கொடி. 'மூழ்குநர் கொடி' என்று ஒருவர் முன்மொழிந்திருந்தார். ஈழத்தில் சுழியோடி என்ற சொல் பேச்சிலும் செய்தியிலும் உயிரோடு இருக்கிறது, அதை விட வேண்டாம். 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த ஹேர்மிஸ் என்ற பிரித்தானியப் போர்க்கப்பல் மட்டக்களப்புக் கடலில்தான் கிடக்கிறது. அதைப் பார்க்க இறங்குவோரைச் சுழியோடி என்றுதான் எவரும் சொல்வர். இதில் இரண்டு கொடிகள் உண்டு. வெள்ளையும் நீலமுமாக வால் பிளந்த 'ஏ' கொடி, கப்பல்கள் ஒன்றுக்கொன்று செய்தி சொல்லப் பயன்படுத்தும் சர்வதேசச் சமிக்ஞைத் தொகுதியைச் சேர்ந்தது: சுழியோடி நீருக்குள் இருக்கிறார், விலகி மெதுவாகப் போங்கள் என்று மற்றப் படகுகளுக்குச் சொல்வது. சிவப்பில் மூலைக்கு மூலை வெள்ளைப் பட்டை உள்ளது பொழுதுபோக்காகச் சுழியோடுவோர் பயன்படுத்துவது. இரண்டுக்கும் பொதுப்பெயர் ஒன்றே போதும். பிரித்துச் சொல்ல வேண்டிய இடத்தில் 'ஏ' கொடி என்று எழுதலாம்.

பட்டியலில் இல்லாத ஒன்றைச் சேர்க்க வேண்டும். சிவப்பும் வெள்ளையும் நாலு கட்டமான கொடியை 2020 இல் ஜப்பானிய வானிலை நிறுவனம் கடற்கரைகளுக்கான சுனாமி எச்சரிக்கையாக ஏற்றது. காது கேளாதோருக்கும், காற்றிரைச்சலில் சைரன் எட்டாத இடத்தில் நிற்போருக்கும் அது கண்ணால் தெரியும் எச்சரிக்கை. கப்பல்களின் 'யூ' கொடியும் இதே வடிவம்தான். 'ஆபத்தை நோக்கிப் போகிறீர்கள்' என்பது அதன் பொருள். இதற்கு 'ஆழிப்பேரலைக் கொடி' என்று யாரும் எழுதிவிட வேண்டாம். 2004 டிசம்பர் 26 க்குப் பிறகு நாவலடியிலும் மருதமுனையிலும் காரைதீவிலும் சுனாமி என்ற சொல்லை அறியாத குழந்தை இல்லை. இலங்கையில் அதிக உயிர்களை அன்று இழந்த மாவட்டம் அம்பாறை. கேட்டவுடன் கால் ஓட வேண்டிய சொல் இது. சுனாமிக்கொடி என்றே இருக்கட்டும்.

கப்பல் கொடிகளில் எனக்குச் சிக்கல் ஒன்றில்தான். சமிக்ஞைத் தொகுதியில் 26 எழுத்துக் கொடிகளும், எண்களுக்கு நுனி சிறுத்துப்போகும் 10 நீளக் கொடிகளும் உண்டு. இந்த நீள வகையை 'முக்கோணக்கொடி' என்றால் தவறு. நுனி கூராக முடியாமல் வெட்டுப்பட்டிருக்கும். உண்மையான முக்கோணம் அதே தொகுதியில் உள்ள மூன்று பதிலிக் கொடிகளே (மேலே ஏற்றிய கொடி ஒன்று மீண்டும் வேண்டுமானால் அதற்குப் பதிலாக ஏற்றுபவை). 'கூம்புகொடி' என்பது வினைத்தொகையாக அழகுதான். ஆனால் கூம்பு பழந்தமிழில் பாய்மரம். ஓர் ஒற்று மிகுந்தால் பாய்மரக் கொடியாகிவிடும். அந்த ஒற்றை நம்பி ஒரு கலைச்சொல்லை விட முடியாது. ஒடுங்குகொடி என்பது என் முன்மொழிவு. முன்பக்கம் பறப்பதற்கு அணியக்கொடி, பின்பக்கம் நாட்டைக் காட்டப் பறப்பதற்குப் பின்னணியக்கொடி, போய்ச்சேரும் நாட்டுக்கு மதிப்பாக ஏற்றுவதற்கு மரியாதைக்கொடி.

உறுப்புகளுக்கு நாம் எதையும் படைக்க வேண்டியதில்லை. துணி கொடிச்சீலை, கயிறு கொடிக்கயிறு, மரம் கொடிக்கம்பம். மாமாங்கேஸ்வரர் கோயிலிலும் கல்முனைக் கடற்கரைப் பள்ளிவாசலிலும் நடப்பது கொடியேற்றமே. துக்கத்துக்கு அரைக்கம்பம் ஏற்கெனவே வழக்கில் உண்டு. விளக்கத்தில் மட்டும், முதலில் உச்சிவரை ஏற்றிப் பிறகு இறக்க வேண்டும், கழற்றும்போதும் உச்சிக்கு ஏற்றியே இறக்க வேண்டும் என்பதைச் சேர்த்துவிடுங்கள்.

மீதி ஒன்று: வலை கிடக்கும் இடம் தெரிய மிதப்பில் தடி நட்டுக் கட்டும் துணிக்கு 'வலைக்கொடி' என்று எழுதியிருக்கிறார்கள். வாழைச்சேனையிலோ பொத்துவிலிலோ கடற்றொழில் செய்வோர் வேறு பெயர் சொல்வார்களாயின் அதையே எடுக்க வேண்டும். கேட்டு எழுதக்கூடியவர்கள் எழுதுங்கள். அதுவரை அந்தச் சொல்லை முடிந்ததாகப் பதிய வேண்டாம்.